இலவச அடுப்பு கொடுத்தால் போதுமா? இரண்டாவது சிலிண்டரைப் பற்றிச் சில விஷயங்கள்

கேட்கப்பட்ட கேள்வி இதுதான்: "சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவில் ஐந்தில் நான்கு பேர் இன்னும் விறகிலும் கரியிலும்தான் சமைக்கிறார்களாம். இந்தியாவில் உஜ்வலா மாதிரி அங்கேயும் இலவசமாக கேஸ் இணைப்பு கொடுத்துவிட்டால் வேலை முடிந்துவிடாதா? பணம்தான் தடையா, அல்லது மக்களுக்கே மாற விருப்பம் இல்லையா?"

கென்யாவின் நைரோபியிலும் தான்சானியாவின் தார் எஸ் ஸலாமிலும் சமையல் எரிபொருள் விநியோகத்தில் சில வருஷங்கள் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். அடுப்பைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது ஒரு நாள் வேலை. அந்த அடுப்பு அடுத்த மாதமும் எரிகிறதா என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. முதல் சிலிண்டரை யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். இரண்டாவதை அந்த வீடு தன் காசில் வாங்க வேண்டும்.

மக்களுக்கு விருப்பம் இல்லை என்ற பேச்சை முதலில் ஒதுக்கிவிடலாம். நைரோபியின் முக்குரு பகுதியில் தகரக் கொட்டகைகள் நெருக்கியடித்து நிற்கும் சந்து ஒன்றில், மாலை ஆறு மணிக்கு நின்று பார்த்தால் போதும். கரி விற்கும் பெண் மூட்டையைப் பிரித்து, காலி பெயின்ட் டப்பாவால் அளந்து கொட்டுவார். ஒரு டப்பா கரி ஐம்பது, நூறு ஷில்லிங். அன்று கூலி கிடைத்தவர் வாங்கிப் போவார். குறைவாகக் கிடைத்தவர் பாதி டப்பா கேட்பார், அதுவும் கிடைக்கும். தெரிந்த முகம் என்றால் நாளைக்குக் கொடு என்று கடனும் உண்டு. கடை வீட்டிலிருந்து முப்பது அடி தூரத்தில் இருக்கும்.

அதே சந்திலிருந்து 6 கிலோ கேஸ் சிலிண்டரை நிரப்ப வேண்டுமென்றால் ஆயிரம் ஷில்லிங்குக்கு மேல் ஒரே தடவையில் எடுத்து வைக்க வேண்டும். அன்றாடம் காய்ச்சி ஒருவரின் கையில் ஆயிரம் ஷில்லிங் மொத்தமாக ஒரு ராத்திரி தங்குவதே அபூர்வம். பள்ளிக்கூடத்துக்குக் கட்ட வேண்டியது, வாடகை பாக்கி, ஊரிலிருந்து வந்த போன் என்று அந்தப் பணத்துக்கு நாலு பக்கமும் ஆள் காத்திருப்பார்கள்.

இத்தனைக்கும், கணக்குப் போட்டால் நகரத்தில் கரி அப்படியொன்றும் மலிவு இல்லை. 1 கிலோ கேஸ் செய்யும் வேலையைச் செய்ய 3 முதல் 4 கிலோ கரி வேண்டும். கரியின் சூட்டில் முக்கால் பங்கு பாத்திரத்துக்குப் போகாமல் வெளியே போய்விடும். மாதக் கணக்கில் பார்த்தால் நைரோபியில் பல வீடுகள் கேஸுக்கு ஆகும் காசைவிடக் கூடுதலாகவே கரிக்குக் கொடுக்கின்றன. சில்லறையாகக் கொடுப்பதால் அது தெரிவதில்லை. இது அறியாமை இல்லை. ஷாம்பூ பாட்டில் மலிவு என்று தெரிந்தும் பாக்கெட் வாங்குகிற நம் வீடுகளின் அதே நிலைதான்.

இலவசமாகக் கொடுத்த கதையும் அங்கே நடந்திருக்கிறது. கானா அரசு கிராமப்புற கேஸ் திட்டம் ஒன்றைத் தொடங்கி, 6 கிலோ சிலிண்டரும் அடுப்பும் இலவசமாக வழங்கியது. ஆய்வாளர்கள் சில கிராமங்களில் பின்தொடர்ந்து பார்த்தார்கள். ஒன்பது மாதம் கழித்துப் போனபோது பாதிக்கு மேற்பட்ட வீடுகள் ஒரு தடவைகூட நிரப்பியிருக்கவில்லை. பதினெட்டு மாதம் ஆனபோது பத்தில் ஒரு வீடுகூடத் தொடர்ந்து பயன்படுத்தவில்லை. நிரப்பும் நிலையம் தூரம், வண்டிச் செலவு, மொத்தமாகப் பணம் என்று அதே காரணங்கள்தான். உஜ்வலாவைச் சொன்னீர்கள். 2016 மே 1 அன்று உத்தரப் பிரதேசத்தின் பலியாவில் தொடங்கிய அந்தத் திட்டம் பத்து கோடிக்கு மேல் இணைப்புகளைக் கொடுத்தது, அது பெரிய காரியம். ஆனால் 2019-20இல் அந்த வீடுகள் வருஷத்துக்குச் சராசரியாக 3 சிலிண்டர்தான் வாங்கின. பிறகு ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி மானியம் வந்தது. முதலில் 200 ரூபாய், 2023 அக்டோபரில் 300 ரூபாய். அதன் பின்னால் 2024-25இல் சராசரி நாலரைக்கு அருகில் ஏறியது. இணைப்புக்குக் கொடுத்த பணம் ஒரு வேலையைச் செய்தது, நிரப்புவதற்குக் கொடுத்த பணம் வேறொரு வேலையைச் செய்தது. ஆப்பிரிக்காவில் உஜ்வலாவை உதாரணம் காட்டிப் பேசுகிறவர்கள் முதலாவதை மட்டுமே பார்க்கிறார்கள் என்பது என் வருத்தம்.

செனெகல் இதை ரொம்ப முன்னாலேயே புரிந்துகொண்ட நாடு. சஹாராவின் தென்விளிம்பான சஹேல் பகுதியின் பெரும் வறட்சியில் மரங்கள் அழிந்துகொண்டிருந்த காலத்தில், 1974இல், 2.7 கிலோ கேஸ் பிடிக்கும் ஒரு குட்டி சிலிண்டரைக் கொண்டுவந்தார்கள். தலைமேலேயே தனி பர்னர் பொருத்திக்கொள்ளலாம். தனியாக அடுப்பு, டியூப் எதுவும் வேண்டாம். பின்னால் 6 கிலோ வந்தது. சிறிய சிலிண்டருக்கு மட்டும் மானியம் கொடுத்தார்கள், அதனால் அது ஏழை வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. டக்கார் நகரத்தில் கரியை விரட்டி கேஸ் உட்கார்ந்தது இப்படித்தான். பிறகு 2009இல் மானியத்தை எடுத்தார்கள், பல வீடுகள் கரிக்கே திரும்பிப் போயின. முப்பத்தைந்து வருஷப் பழக்கம்கூட விலைக்கு முன்னால் நிற்கவில்லை.

இப்போது கென்யாவிலும் தான்சானியாவிலும் இதே சில்லறைப் பிரச்சினைக்கு வேறொரு வழி கண்டிருக்கிறார்கள். சிலிண்டரின் தலையில் ஒரு மீட்டர். போனிலிருந்தே பணம் அனுப்பும் எம்-பெசா முறையில் ஐம்பது ஷில்லிங் போட்டால் ஐம்பது ஷில்லிங்குக்கான கேஸ் திறக்கும். தீர்ந்ததும் வால்வு தானாக மூடிக்கொள்ளும். சிலிண்டர் காலியாகப் போகிறது என்று மீட்டரே கம்பெனிக்குச் செய்தி அனுப்பிவிடும், அவர்கள் ஆள் அனுப்பி மாற்றிவிடுவார்கள். சிலிண்டரும் அடுப்பும் கம்பெனியுடையவை, வீட்டுக்காரர் வாங்குவது கேஸை மட்டும். டப்பாக் கரியை விற்கும் முறைதான், பொருள் மட்டும் மாறியிருக்கிறது. கொரோனா ஊரடங்கு சமயத்தில் நைரோபியின் குடிசைப் பகுதி ஒன்றில் ஆய்வு நடந்தது. வேலை போய், வருமானம் சுருங்கிய நேரம். முழு சிலிண்டர் வாங்கிப் பழகியவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் மண்ணெண்ணெய்க்கோ விறகுக்கோ போய்விட்டார்கள். மீட்டர் முறையில் இருந்தவர்களில் 95 விழுக்காட்டினர் கேஸை விடவில்லை. எனக்குத் தெரிந்து இந்தத் துறையில் வந்த மிக நல்ல செய்திகளில் இது ஒன்று. குறை என்னவென்றால் மீட்டருக்கு ஆகும் முதலீடு. ஐம்பது ஐம்பதாக வரும் வருமானத்தில் அதை மீட்டெடுக்க வருஷங்கள் ஆகும். அதனால் வீடுகள் நெருக்கமாக உள்ள நகரங்களைத் தாண்டி இது இன்னும் பெரிதாகப் போகவில்லை.

கேஸ் எல்லாம் எதற்கு, புகை குறைந்த நல்ல விறகடுப்பு கொடுத்தால் போதாதா என்று கேட்பவர்களும் உண்டு. கென்யாவின் ஜிக்கோ அடுப்பு அந்த வகையில் ஓர் அருமையான பொருள். 1980களின் தொடக்கத்தில் தாய்லாந்தின் வாளி அடுப்பைப் பார்த்து, உள்ளூர் தகரத் தொழிலாளிகளும் குயவர்களும் சேர்ந்து உருமாற்றியது. நம் பாட்டிகள் வைத்திருந்த கும்முட்டி அடுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். இடுப்பு ஒடுங்கி மேலும் கீழும் விரிந்த தகர உடல், மேல்பாதியில் சுட்ட மண் கிண்ணம், அதன் அடியில் துளைகள், கீழே சாம்பல் எடுக்க ஒரு சின்னக் கதவு. அந்தக் கதவை எவ்வளவு திறக்கிறோமோ அவ்வளவு காற்று, அவ்வளவு தீ. கரிச் செலவை நன்றாகக் குறைத்தது, பல்லாயிரம் பேருக்குத் தொழில் கொடுத்தது. எனக்கு அதன் மேல் மரியாதை உண்டு. ஆனால் கரி கரிதான். கண்ணுக்குப் புகை தெரியாததால் சுத்தம் என்று நினைத்து, ஜூன், ஜூலை குளிரில் ஜிக்கோவை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. குடும்பத்தோடு இறந்த செய்தி ஏறக்குறைய ஒவ்வொரு குளிர்காலத்திலும் வருகிறது.

விறகடுப்பைத் திருத்தினால் போதுமா என்பதற்கு மலாவியில் ஒரு பெரிய சோதனையே நடந்தது. பத்தாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் அதில் இருந்தார்கள். பாதிப் பேர் வீட்டுக்கு விசிறி வைத்த நவீன விறகடுப்பு கொடுக்கப்பட்டது. 2016இல் முடிவு வந்தது: நிமோனியா குறையவில்லை.

அடுத்து கேஸையே சோதித்தார்கள். இதில் நமக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. ருவாண்டாவின் கயோன்சா மாவட்டம், குவாத்தமாலா, பெரு, நம் தமிழ்நாட்டில் விழுப்புரம், நாகப்பட்டினம் என நான்கு நாடுகளில், 3,200 கர்ப்பிணிப் பெண்களுடன் ஒரே சமயத்தில் நடந்த ஆய்வு அது. தமிழ்நாட்டுப் பகுதியை நடத்தியது சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தில் கல்பனா பாலகிருஷ்ணனின் குழு. பாதி வீடுகளுக்கு அடுப்பும் கொடுத்து, பதினெட்டு மாதம் கேஸையும் இலவசமாக வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அந்த வீடுகள் ஏறக்குறைய முழுக்க கேஸுக்கே மாறின. பழக்கம், ருசி, பாரம்பரியம் என்று சொல்லப்படும் தடைகள் எல்லாம் காணாமல் போயின. பெண்கள் சுவாசித்த நுண்துகள் ஒரு கனமீட்டருக்கு 70 மைக்ரோகிராமிலிருந்து 24க்கு அருகில் இறங்கியது. விருப்பம் பற்றிய உங்கள் கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடையாது.

ஆனால் அதே ஆய்வில் குழந்தைகளின் பிறப்பு எடை கூடவில்லை, கடுமையான நிமோனியாவும் குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. 2022இலும் 2024இலும் இந்த முடிவுகள் வந்தபோது துறையில் இருந்த எங்கள் எல்லோருக்கும் மனசு கனத்தது. மறைக்கக்கூடாத விஷயம் என்பதால் சொல்கிறேன். என் புரிதல் இது: 24 என்பதே உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பான 5க்கு ஏறக்குறைய ஐந்து மடங்கு. அந்தத் தாய் கர்ப்பத்துக்கு முந்தைய இருபது வருஷமும் புகையில் இருந்தவர். பக்கத்து வீடுகள் அத்தனையும் விறகு எரிக்கும்போது ஒரு வீடு மட்டும் மாறினால் அந்த வீட்டு முற்றத்துக் காற்று எவ்வளவுதான் மாறும்? இங்கே ஒன்று அங்கே ஒன்று என்று கொடுக்காமல் ஒரு தெரு, ஒரு ஊர் என்று மொத்தமாக மாற்ற வேண்டும் என்று நான் வாதாடுவது இதனால்தான்.

ஆரோக்கியம் என்றால் அட்டவணையில் வருவது மட்டும் இல்லை. தான்சானியாவின் வடமேற்கில், சுகுமா மக்கள் வாழும் ஷின்யாங்கா, முவான்சா பகுதிகளில், வயதான பெண்களைச் சூனியக்காரிகள் என்று சொல்லிக் கொன்ற கொடுமை பல வருஷங்கள் நடந்தது. சூனியக்காரிக்கு அடையாளம் சிவந்த கண்கள் என்றார்கள். அந்தக் கண்கள் எப்படிச் சிவந்தன? நாற்பது ஐம்பது வருஷம் மாட்டுச் சாணமும் விறகும் எரிகிற, ஜன்னல் இல்லாத குடிசையில் குனிந்து ஊதியதில். இதைத் தெரிந்துகொண்ட பிறகு சமையல் எரிபொருளை ஒரு சின்ன வீட்டு வசதி என்று என்னால் நினைக்க முடியவில்லை. ஆப்பிரிக்கா முழுவதும் வருஷத்துக்குச் சுமார் 8,15,000 பேர் வீட்டுப் புகையால் அகாலமாக இறக்கிறார்கள் என்பது சர்வதேச எரிசக்தி முகமையின் 2025 கணக்கு.

கேஸுக்கு மாறுவதில் மக்களுக்கு ஒரு நியாயமான பயமும் இருக்கிறது. வெடித்துவிடுமோ என்ற பயம். கானாவில் நெடுங்காலம் சிலிண்டர் வாடிக்கையாளரின் சொந்தமாகவே இருந்தது. காலியானதும் அதைத் தூக்கிக்கொண்டு நிலையத்துக்குப் போய் நிரப்பி வர வேண்டியிருந்தது. நம் ஊரில் போல, கம்பெனி சோதித்து சீல் வைத்த சிலிண்டரை மாற்றிக் கொடுப்பது அப்போது இல்லை. துருப்பிடித்த சிலிண்டரும் நிரப்பப்பட்டது, நிலையமும் ஊருக்கு நடுவிலேயே இருந்தது. 2017 அக்டோபர் 7 அன்று அக்ராவின் அட்டாமிக் ஜங்ஷனில் அப்படியொரு நிலையம் வெடித்து ஏழு பேர் இறந்தார்கள், நூற்றுக்கு மேல் காயம். அதன் பிறகுதான் சிலிண்டரை மாற்றிக் கொடுக்கும் முறைக்குப் போவது என்று அரசு முடிவெடுத்தது, அது நடைமுறைக்கு வரவும் வருஷங்கள் பிடித்தன. 2024 பிப்ரவரி 1 இரவு நைரோபியின் எம்பகாசியில், உரிமம் இல்லாமல் கேஸ் நிரப்பிக்கொண்டிருந்த இடத்தில் லாரி வெடித்தது. குடியிருப்புக்கு மிக அருகில் என்று அந்த இடத்துக்கான விண்ணப்பங்களை ஒழுங்குமுறை ஆணையம் முந்தைய வருஷமே நிராகரித்திருந்தது. வியாபாரம் நிற்கவில்லை. ஒரு வெடிப்பு பத்து விழிப்புணர்வு முகாம்களின் வேலையை அழித்துவிடும். அதனால் ரெகுலேட்டர், டியூப், எடை, சீல் இவற்றைச் சரிபார்க்கிற ஆய்வாளருக்குச் சம்பளம் கொடுப்பதும் இந்தத் திட்டத்தின் செலவுதான் என்பேன்.

இனி மின்சாரம். கென்யாவின் மின்சாரத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு புவிவெப்பம், நீர், காற்று, சூரியன் இவற்றிலிருந்து வருகிறது. அங்கே பீன்ஸும் மக்காச்சோளமும் சேர்த்து வேகவைக்கும் கித்தேரி கரியடுப்பில் இரண்டு மூன்று மணி நேரம் எடுக்கும். கேஸ் வாங்கிய வீடுகளில்கூட பீன்ஸ் மட்டும் கரியில் வேகும். மூன்று மணி நேரம் கேஸ் எரிவதை அந்த வீட்டுப் பெண் பொறுத்துக்கொள்ள மாட்டார். கரண்டில் ஓடும் பிரஷர் குக்கர் அதே பீன்ஸை ஒரு மணி நேரத்துக்குள், அரை யூனிட் அளவில் முடித்துவிடும். கரி கடைசியாகப் பிடித்துக்கொண்டிருக்கும் இடத்தையே இது பறிக்கிறது என்பதால் எனக்கு இதில் பெரிய நம்பிக்கை. ஆனால் மக்காச்சோள மாவில் செய்யும் உகாலிக் களியைக் கிளற அது உதவாது, அதற்கு அகலச் சட்டியும் பலமான கையும் வேண்டும். எத்தியோப்பியாவில் இஞ்சேரா என்ற, தோசை போன்ற பெரிய அப்பத்தைச் சுடும் மின்தட்டு அடிஸ் அபாபா வீடுகளில் நெடுங்காலமாக இருக்கிறது. ஆனால் அது மூன்றரை கிலோவாட் வரை இழுக்கும். ஒரு தெருவே காலையில் இஞ்சேரா சுட்டால் டிரான்ஸ்ஃபார்மர் தாங்காது. அந்தந்த ஊர் சாப்பாட்டைத் தெரிந்துகொள்ளாமல் அடுப்பைத் தேர்ந்தெடுத்தால் அது பரணுக்குத்தான் போகும்.

கரியைத் தடைசெய்தால் என்ன என்பார்கள். கென்யா 2018 பிப்ரவரியில் காடுகளில் மரம் வெட்டத் தடை போட்டது. கரி விலை ஏறியது, கரி மறையவில்லை. ராமநாதபுரம் பக்கம் கரிமூட்டம் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது நிலமும் மழையும் கைவிட்டவர்கள் செய்யும் தொழில். கிழக்கு ஆப்பிரிக்காவிலும் அப்படியே. மண் மூடிய மூட்டத்தில் 5 முதல் 10 கிலோ மரம் வெந்து 1 கிலோ கரியாகிறது. காட்டுக்கு இது பெரிய அடி. ஆனால் மூட்டம் போடுகிறவரிலிருந்து சைக்கிளில் மூட்டை ஏற்றி வருகிறவர், டப்பாவில் அளக்கிற பெண் வரை லட்சக்கணக்கானவர்களின் சோறு அதில் இருக்கிறது. அந்த டப்பாக்காரப் பெண்ணையே கேஸ் ஏஜென்ட் ஆக்கியவர்கள் ஜெயித்திருக்கிறார்கள். தெருவுக்கு அவரைத் தெரியும், யாருக்குக் கடன் கொடுக்கலாம் என்று அவருக்குத் தெரியும்.

வரியும் இதில் உண்டு. கென்யா 2016இல் கேஸுக்கு மதிப்புக் கூட்டு வரியை நீக்கியது, 2021 ஜூலையில் 16 விழுக்காடு திரும்பப் போட்டது, அடுத்த வருஷம் 8 ஆக்கியது, 2023இல் மறுபடி எடுத்தது. ஏழு வருஷத்தில் நாலு தடவை. அன்றாடக் கூலியில் வாழும் குடும்பம் இதை நம்பி எப்படி அடுப்பை மாற்றும்? கேஸும் பெட்ரோலியப் பொருள்தானே, பூமி சூடாகாதா என்ற கேள்விக்கு என் பதில் சுருக்கமானது. வெட்டப்படும் மரம், மூட்டத்தில் வெளியேறும் மீத்தேன், கரும்புகை எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் மாறுவதால் வெப்பமூட்டும் வாயு குறையவே செய்யும். அமெரிக்கக் குடும்பம் ஒன்று கார் டாங்கியில் வாரா வாரம் நிரப்புவதைக் கணக்கில் எடுக்காமல், வருஷத்துக்கு எழுபது எண்பது கிலோ கேஸ் எரிக்கும் ஆப்பிரிக்க வீட்டை நிறுத்தி விசாரிப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

பணம்? 2024 மே 14 அன்று, ஆப்பிரிக்காவின் சமையல் எரிபொருளுக்காகவே பாரிஸில் நடந்த மாநாட்டில் 220 கோடி டாலர் தருவதாக வாக்கு கொடுத்தார்கள். 2025 ஜூலை வரை வந்து சேர்ந்தது 47 கோடி. 2040க்குள் கண்டம் முழுவதும் மாற மொத்தம் 3,700 கோடி டாலர் வேண்டும் என்கிறது அதே எரிசக்தி முகமை. புகையைக் குறைத்ததற்கான சான்றை வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு விற்கும் கார்பன் கிரெடிட் மூலம் சமாளிக்கலாம் என்று பலர் இறங்கினார்கள். ஆனால் 2024 ஜனவரியில் வந்த ஓர் ஆய்வு, தாங்கள் பார்த்த அடுப்புத் திட்டங்கள் உண்மையான சேமிப்பைப்போல் சராசரியாக ஒன்பது மடங்குக் கணக்குக் காட்டியிருப்பதாகச் சொன்னது. காரணம் பழையதுதான். கொடுத்த அடுப்பெல்லாம் எரிகிறது என்று எழுதிவிட்டார்கள். மீட்டர் வைத்த கேஸ் இந்த விஷயத்தில் நேர்மையானது, எத்தனை கிராம் எரிந்ததென்று அதுவே சொல்லிவிடும்.

தான்சானியா இப்போது 2034க்குள் 80 விழுக்காடு வீடுகளை மாற்றுவது என்று இலக்கு வைத்திருக்கிறது. அதிபர் சாமியா சுலுஹு ஹசன் நேரடியாக இதில் நிற்கிறார். நாளுக்கு நூறு பேருக்கு மேல் சமைக்கும் நிறுவனங்கள் விறகும் கரியும் பயன்படுத்தக் கூடாது என்று உத்தரவும் போட்டார்கள். கிராமங்களில் 6 கிலோ சிலிண்டரைப் பாதி விலைக்குக் கொடுக்கிறார்கள். நல்ல ஆரம்பம், மனசார வரவேற்கிறேன். ஷின்யாங்கா போகும் சாலையில் ஒருமுறை, அப்படிப்பட்ட 6 கிலோ சிலிண்டரைப் பார்த்தேன். போடா-போடா என்று அவர்கள் சொல்லும் வாடகை மோட்டார் சைக்கிளின் பின்னால் ஒரு நடுவயதுப் பெண் உட்கார்ந்திருந்தார். காலி சிலிண்டர், அங்கே பெண்கள் உடுத்தும் கங்கா என்ற துணியில் சுற்றி அவர் மடியில் இருந்தது. நிரப்பும் கடை எங்கே என்று கேட்டேன். மாவட்டத் தலைநகரில், போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம் என்றார். போக்குவரத்துக்கு எவ்வளவு என்றதற்கு, கேஸ் விலையில் பாதி என்று சொல்லிவிட்டு, இந்தத் தடவை போகிறேன், அடுத்த தடவை தெரியவில்லை என்றார். அவர் வண்டி போன திசையில் சாலையோரம் நெடுகக் கரி மூட்டைகள் நின்றன, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் இரண்டு மூன்று.